சிவப்புக் கம்பளியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

குளிர் வந்துவிட்டதே என்று இன்று அலமாரியிலிருந்து சிவப்புக் கம்பளியை எடுத்தேன். எத்தனை தடவை துவைத்தாலும் எஞ்சின் ஆயில் வாடை போகவில்லை. நம் கல்யாணத்துக்கு என் அம்மா கொடுத்த கம்பளி. நான் போர்த்திக்கொண்டதைவிட உங்கள் விமானம் போர்த்திக்கொண்டதுதான் அதிகம்.

விமானம் என்றதும் ஊரில் எல்லோரும் பெரிதாக நினைத்துக்கொண்டார்கள். இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய வண்டி. எண்பதுகளின் தொடக்கத்தில் நாம் டெக்சாஸின் ரிச்சர்ட்சனுக்குக் குடிவந்த புதிதில், ஆபீஸ் நண்பரோடு பங்கு போட்டு வாங்கினீர்கள். வாங்கிய அன்றே எனக்கு ஒரு சக்களத்தி வந்துவிட்டாள்.

டெக்சாஸில் என்ன குளிர் என்று கேட்பார்கள். வடக்குக் காற்று இறங்கினால் மறுநாள் காலை குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும். அப்படிப்பட்ட சனிக்கிழமை சாயங்காலங்களில் அவள் நிற்கும் கொட்டகைக்கு, அந்த ஹேங்கருக்குப் போய், அவள் மூக்குக்குள் நூறு வாட் பல்பு ஒன்றை எரியவிட்டு, மேலே என் கம்பளியைப் போர்த்துவீர்கள். விடியும்வரை எஞ்சின் சூடு ஆறாமல் இருக்க வேண்டுமாம்.

"ஆயில் குளிர்ல பாகு மாதிரி இறுகிப்போயிடும்மா. அப்படியே ஸ்டார்ட் பண்ணா பாவம் இல்லையா?" என்பீர்கள்.

பாவம்! ஆஸ்பத்திரி லேபில் எனக்குக் காலை ஆறரைக்கு டியூட்டி. கார் கண்ணாடியில் படிந்த பனியை நானே சுரண்டிவிட்டுக் கிளம்புவேன். அந்தப் பாவம் உங்கள் கண்ணில் படவில்லை.

ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு குமிழை இழுத்து இழுத்து அவளுக்குக் கொஞ்சம் பெட்ரோல் ஊட்டினீர்கள். சற்றுப் பொறுத்து, "மெதுவா, மெதுவா, அவசரமே இல்ல" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பினீர்கள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

நம் பத்தாவது கல்யாண நாள் ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. முந்தின சாயங்காலம் ஹேங்கரில் வைத்துக் கேட்டேன், "நாளைக்கு என்ன நாள்?"

"சண்டே. வெதர் சூப்பரா க்ளியரா இருக்கும். ஆஸ்டின் வரைக்கும் ஒரு ரவுண்டு போறோம்."

காரை ஸ்டார்ட் பண்ண நீங்கள் முன்னால் போனீர்கள். ஹேங்கர் கதவைச் சாத்த நின்ற நான், பல்பின் ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் அவள் இரண்டு தடவை இருமியதோடு சரி. பேட்டரி தீர்ந்துபோக, பெட்ரோல் வாடையோடு ஒன்பது மணிக்கே திரும்பி வந்தீர்கள். சர்ச்சில் பத்து மணிப் பூசைக்கு என்னோடு வந்தீர்கள். மத்தியானம் பிரியாணியைப் பார்த்து, "என்ன விசேஷம்?" என்றீர்கள். உங்கள் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தேன். சாயங்காலம்வரை வீட்டிலேயே இருந்தீர்கள். எனக்கு அது போதுமாயிருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஹேங்கரில் ப்ளக்கை என் கையில் கொடுத்தீர்கள். "நீயே சொருகு. உன் கையால சொருகினா கழண்டுக்காது." பிறகு தரையைப் பார்த்தபடி, "கல்யாண நாள்னு சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேனே" என்றீர்கள்.

"சொன்னாத்தான் தெரியுமா?" என்றேன். ஆனாலும் சொருகினேன். அந்த வாரம் என் காரை இரண்டு நாள் சூடுபண்ணி வைத்தீர்கள். மூன்றாம் நாள் மறந்துபோனீர்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் ப்ளக் என் பொறுப்பு. ஒருநாளும் நான் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவள் நல்லபடியாகக் கிளம்பி உங்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவளை விற்று எத்தனையோ வருஷமாகிறது. போன வருஷம் நீங்களும் போய்விட்டீர்கள். டிவியில் இன்று குளிர் உறைநிலைக்குப் போகும் என்றார்கள். சாயங்காலமானதும் கை தானாகவே ப்ளக்கைத் தேடுகிறது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அத்தனை வருஷத்தில் அவளிடமிருந்து ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் பிடுங்கியிருக்கிறேன். இன்னும் நாலைந்து பிடுங்கியிருக்கலாம்.