காலையில் தாமரை, பிற்பகலில் எருக்கு

மழை தவறாத மாறோக நாட்டின் மன்னன், ஏழு மலைக்கு உரியோன், எண்ணிறந்த யாழ்களுக்குச் செவி கொடுத்தோன், பிழையறியாச் செவியன் என்று தன் மெய்க்கீர்த்தியில் தானே எழுதிக்கொண்டவனாகிய நன்னெடுங்கோ, வடவெல்லைத் தாழைத்துறையைக் காக்கும் எயினன் கொற்றனுக்கு விடுக்கும் ஓலை. உம் மதிலும் படகும் பரிவாரமும் நலம் பெறுக. உம் இல்லத்தார் இனிது வாழ்க. எம் பட்டங்களுள் செவியைப் பற்றியதை மட்டும் உரக்க வாசிக்க வேண்டாம்; காரணம் கீழே விரியும்.

நீர் விடுத்த ஓலை நேற்று அவையில் வாசிக்கப்பட்டது. எம் அவையில் ஊதிவிட்டு உம் ஊர்த் திருவிழாவில் குழலூத வந்த அழிசி என்பானைக் குறித்து, ஒரே நாளில், ஒரே முத்திரையோடு, எம்மிடமிருந்து உமக்கு இரண்டு ஓலைகள் வந்தன என்று எழுதியிருந்தீர். அவனை யானைமேல் ஏற்றி வெண்குடை பிடித்து ஊர்வலம் செய்விக்க ஒன்று ஆணையிட்டது. அவனை ஓராண்டு நாடு கடத்த மற்றொன்று ஆணையிட்டது. இரண்டும் அரச ஆணையாதலால் எதையும் மீறத் துணியாமல், யானைமேல் ஏற்றி, குடை பிடித்து, முரசு முழங்கக் கொண்டுபோய் ஆற்றுக்கு அப்பால் இறக்கிவிட்டீர் என்றும், அக்கரைக் காவலர் ஏற்க மறுத்ததால் அவன் இப்போது நடு ஆற்றுத் திட்டில் அமர்ந்திருக்கிறான் என்றும் அறிந்தோம். சிரிப்பை அடக்க அவையோர் பட்ட பாட்டை யாம் அரியணையிலிருந்து பார்த்தோம். உம்மைக் குறை சொல்ல எமக்கு வாயில்லை. எம் முட்டாள்தனத்தை நீர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினீர், அவ்வளவே.

நடந்ததைச் சொல்கிறோம். பாணர் முகம் காணாமல் இசை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்க வேண்டுமென்று அவையில் திரை கட்டியவர் யாம். நல்லிசைக்கு வெண்தாமரையும் யானை ஊர்வலமும், தீயிசைக்கு எருக்கம்பூவும் நாடுகடத்தலும் என விதித்தவரும் யாமே. பெயருக்குப் பதில் எண் எழுதப்படும். தீர்ப்பில் முத்திரை விழுந்த பின்னரே பெயர் சேரும். முகம் மறைந்தால் நீதி பிறக்கும் என்று நம்பினோம். திரைக்கு இப்பால் அமர்ந்திருந்த எம்மை மறைக்க எவருக்கும் தோன்றவில்லை.

அவை கூடிய அன்று காலை மூன்றாம் எண்ணாக அழிசி ஊதினான். மழை ஓய்ந்தபின் கூரையிலிருந்து சொட்டும் நீரின் நடையில் கட்டிய மெட்டு அது. கார்மேகமே இறங்கி வந்து எம் தோளைத் தொட்டது என்று சொல்லி, கண்ணீர் விட்டு, தாமரையை எறிந்தோம். பிறகு உணவருந்தினோம். பூசணிக்காய் மோர்க்குழம்பு. மூன்று முறை சோறு வாங்கி, இடைக்கச்சையைத் தளர்த்தினோம். பிற்பகலில் பதினோராம் எண்ணுக்குரிய பாணர் காய்ச்சலால் வராமற்போக, வரிசையில் இடைவெளி விழுந்தால் எம் கோபம் தாங்காதென்று அஞ்சிய திரைக்காவலர் அழிசியையே மறுபடி ஊதச் சொன்னார். அவனும் அதே மெட்டை ஊதினான். யாமோ, கூரை ஒழுகும் ஓசையை இசையென்று கொண்டுவந்தவன் எவன் என்று சீறி, எருக்கை வீசினோம். போதாக்குறைக்கு, நல்லிசைக்கும் தீயிசைக்கும் உள்ள வேற்றுமை மலைக்கும் மடுவுக்கும் உள்ளது என்று அரை நாழிகை விரிவுரையும் ஆற்றினோம். புலவர் பதின்மர் அதை ஏட்டில் எழுதிக்கொண்டனர். அவ்வேடுகளைத் திரும்பப் பெற இப்போது ஆளனுப்பியிருக்கிறோம்.

திட்டிலிருந்து வரும் குழலைக் கேட்டு உம் காவலருள் பாதிப்பேர் கண் கலங்குவதாகவும், மீதிப்பேர் வேறு துறைக்கு மாற்றம் கேட்பதாகவும், எது மெய்த்தீர்ப்பு என்று யாம் உரைத்தால் சண்டை ஓயும் என்றும் விண்ணப்பித்தீர். துளை பிசகிய குழலைத் தச்சனும் காட்டிவிடுவான். தாளம் தப்பியதை விரல்விட்டு எண்ணி நிறுவலாம். பயின்றவன் ஊதுவதும் பயிலாதவன் ஊதுவதும் ஒன்றென்று யாம் சொல்லமாட்டோம். சொன்னால் எமக்கு யாழ் கற்பித்த ஆசான்கள் மன்னிக்கமாட்டார்கள். அதுவரை அளவுகோல் உண்டு. அதற்கு அப்பால் உள்ளது கேட்பவன் மனம். எம் மனத்தை யாம் நாட்டின் சட்டம் என்று எண்ணிவிட்டோம். எமக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒருவனும் வீடிழந்திருக்கமாட்டான். ஆகவே உம் காவலர் இருசாராரும் குற்றமற்றவர். இடமாற்றம் எவருக்கும் இல்லை.

இதுவரை எழுதியதில் சிரிக்க இடமுண்டு. இனி இல்லை. அழிசியின் மனைவி நன்முல்லை தலைநகரில் நிறைமாதமாக இருக்கிறாள். பட்டத்து அரசி அவளைப் பார்த்து வந்தார். அவள் எம்மைத் திட்டவில்லையாம்; குழந்தை பிறக்கும்போது தகப்பன் எந்த நாட்டில் இருப்பான் என்று மட்டும் கேட்டாளாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். வெட்கத்தால் எமக்கு நேற்றுச் சோறு இறங்கவில்லை.

உடனே அவனை அழைத்துவர ஆணையிடலாமே என்பீர். எருக்குப் பெற்றவன் தண்டனை நீங்க வேண்டுமாயின், பூவை வீசியவரே நேரில் சென்று தம் கையால் அதைத் திரும்ப வாங்கவேண்டும் என்பது எம் சட்டம். அப்படியொரு நாள் வரவே வராது என்ற நினைப்பில் சிரித்துக்கொண்டே எழுதிய விதி. அழிசி அந்த வாடிய பூவை மடியில் முடிந்து வைத்திருக்கிறான் என்றும், விதிப்படி வாங்கினாலன்றித் திட்டைவிட்டு எழேன் என்று பணிவாகச் சொல்லியனுப்பினான் என்றும் நீர் எழுதியிருந்தீர். அவன் கேட்பது நியாயம்.

ஆகவே இவ்வோலை உம் கை சேர்ந்த மூன்றாம் நாள் காலை யாம் தாழைத்துறை சேர்வோம். யானை வேண்டாம், குடை வேண்டாம், முரசு கூடவே கூடாது. ஒரு படகும் துடுப்புப் போட ஒருவரும் போதும். பிள்ளைப்பேற்றுக்கு இன்னும் பத்து நாள் என்று மருத்துவச்சி சொல்வதால், விரைந்தோடும் குதிரை பூட்டிய தேரொன்றைக் கரையில் ஆயத்தமாக நிறுத்துக. வழியில் அத்தேர் எம் தேருக்கு முன்னே செல்க. எமக்கு வணக்கம் செய்கிறோமென்று எவரும் அதை நிறுத்தலாகாது.

யாம் திட்டில் இறங்கி, அவன் முன் கை நீட்டி, பூவை வாங்குவோம். திரையின்றி அவன் முகம் பார்த்து, அம்மெட்டை மறுபடி ஊதுமாறு வேண்டுவோம், மறுத்தால் வற்புறுத்தோம். கேட்டபின் அது எமக்குப் பிடிக்குமா என்று எமக்கே தெரியாது. பிடிக்காமற்போனாலும் அவன் அன்றே வீட்டுக்குப் புறப்படுவான். இஃது எம் ஆணை. இதற்கு எம் விருப்பும் வெறுப்பும் சாட்சியல்ல, கீழே இட்ட இம்முத்திரையே சாட்சி.