தண்ணீர் முறை நாள்

உருத்திரபுரம்,
12.06.1984

அன்புத் தங்கை விமலேஸ்வரிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாய் இருக்கப் பிள்ளையாரை வேண்டி அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. பொறுமையாய் இரு, அத்தானைப் பார்ப்பது புண்ணியம் என்று எழுதியிருந்தாய். எனக்குப் புண்ணியம் போதுமடி. வந்து நீயும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போ.

அத்தானுக்கு மறதி கூடிவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவியதும் பசிக்குது என்கிறார். போன மாதம் அயல்வீட்டு நல்லதம்பியின் தண்ணீர் முறையன்று வாய்க்காலை எங்கள் வயலுக்குத் திறந்துவிட்டார். இருபது வருடம் இந்த ஊருக்கே முறை வைத்துத் தண்ணீர் விட்ட மனுசன். நல்லதம்பி வாசல் படலையில் நின்று, அண்ணையைக் கவனமாய் வைச்சிருங்கோ அக்கா என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டார் இந்தப் பக்கம் வருவதில்லை.

போன வெள்ளிக்கிழமை எங்கள் முறை. தவறவிட்டால் எட்டு நாளைக்குத் தண்ணீர் இல்லை. அத்தானைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நல்லதம்பி வீட்டில் கேட்க எனக்கு முகம் இல்லை. மாட்டுக்கயிற்றால் அவர் காலைக் கட்டிலோடு கட்டிவிட்டு வயலுக்குப் போனேன். ஓம் விமலா, நான்தான் கட்டினேன்.

திரும்பி வந்தபோது என்னை அவருக்குத் தெரியவில்லை. பிள்ளை, இதை அவிட்டு விடுங்கோ, என்ரை மனுசி தனிய வயலுக்குப் போயிட்டா, அவாக்கு மடை கட்டத் தெரியாது என்று கெஞ்சினார். அவிழ்த்துவிட்டேன். கால் கன்றிப்போயிருந்தது.

நேற்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வயசு அப்படி, மருந்தில்லை என்றார் டாக்குத்தர். காலைக் கண்ட நேர்ஸ் பிள்ளை ஏசப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ கதிரையை இழுத்து என்னை இருத்தி, கடைசியாய் ஆரோடை ஆறுதலாய் இருந்து கதைச்சனீங்கள் அம்மா என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். நல்லதம்பி படலையில் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன். அழுது முடியுமட்டும் பக்கத்திலேயே நின்றாள். மாறி மாறிப் பார்க்க ஒரு ஆளைக் கூப்பிடுங்கோ, இல்லாட்டில் நீங்களும் விழுந்திடுவியள் என்றாள்.

வருகிற சனிக்கிழமை அடுத்த முறை. பழம், மருந்து ஒன்றும் கொண்டுவர வேண்டாம். வெள்ளிக்கிழமையே ரயில் ஏறி வா. வயலுக்கு நான் போகிறேன், நீ அத்தானோடு இரு. பின்னேரம் என்னோடும் கொஞ்ச நேரம் இரு.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். கயிற்றைத் திரும்ப மாட்டுக்கொட்டிலில் கொழுவிவிட்டேன். சனிக்கிழமை அதை நான் எடுக்கவிடாதே.

உன் அக்கா,
கமலாசனி