நீ பாதி போட்ட மாத்திரை

என் பிரியமுள்ள அம்மாவுக்கு,

நீ போன பிறகும் பெரம்பலூர் வீட்டை இன்னும் காலி செய்யவில்லை. அரியலூரிலிருந்து வாராவாரம் வந்து, மூன்றாம் மாடிக் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்.

போன மாதம் சுகாதார நர்ஸ், அரசு ஒதுக்கிய நம் குடியிருப்புக்கு வந்த அன்று நானும் இருந்தேன். வழக்கம்போல மாடி ஏறாமல், கீழே மோட்டார் ரூம் வாசலில் நாற்காலி போட்டு, மாதாமாதம் தரும் பிரஷர் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிடச் சொல்லத்தான் இறங்கினேன். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உங்கம்மா இல்லாம இனிமே எனக்கு யாரு பாப்பா பிரஷர் மாத்திரை குடுப்பா?"

"என்னக்கா சொல்றீங்க?"

"ஒருநாள் அவங்க போடுவாங்க, மறுநாளு எனக்குக் குடுப்பாங்க. உனக்குத் தெரியாதா?"

நர்ஸ் தலை நிமிரவில்லை. "எனக்கும் தெரியும்மா. வூடு யாருக்கு ஒதுக்குனாங்களோ அவங்களுக்குத்தான் மாத்திரை, வாடகைக்கு இருக்கவங்களுக்குக் கெடையாதுன்னுட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

வரிசையில் நின்ற ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அம்மா. தினமும் காலையில் போன் செய்த எனக்கு மட்டும் தெரியவில்லை.

"மாத்திரை போட்டியாம்மா?"

"போட்டாச்சுடி. நீ என்ன டாக்டரா? போயி வேலையப் பாரு."

நீ சிரித்துக்கொண்டே சொன்னதை நம்பினேன். பக்கவாதத்தில் நீ விழுந்தபோது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார். ஒருநாள்கூடத் தவறியதில்லை என்று அடித்துச் சொன்னேன். உன் பொய்யை என் வாயால் சொல்ல வைத்தாயே!

நான் வரும்போதெல்லாம் அது வாங்கி வா, இது வாங்கி வா என்பாய். இன்னொரு அட்டை மாத்திரை வாங்கி வா என்று கேட்க உனக்கு என்ன தடை? திட்டுவேன் என்று பயந்தாயா? மகளிடம் கேட்கக்கூடவா யோசனை?

அக்காவிடம் பேசவே பிடிக்கவில்லை. ஆனாலும் லீவு போட்டு அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வெங்காய மண்டியில் அன்றைய கூலி போய்விடும் என்றுதான் இத்தனை காலம் அவர் போகவில்லையாம். பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் உன் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவங்களுக்கு மூச்சு இழுப்பு இருக்கே. இதப் போடவே கூடாதேம்மா. யாரு எழுதிக் குடுத்தது?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அட்டையை வாங்கிப் பையில் போட்டேன். நீ உனக்கில்லாமல் எடுத்துக் கொடுத்தது அவருக்கும் கெடுதலைத்தான் செய்திருக்கிறது. இப்போது யார்மேல் கோபப்படட்டும், சொல்?

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறேன். வீடு யார் பெயரில் இருந்தாலும், உள்ளே வாழ்கிறவரைப் பரிசோதித்து அவரவர் மருந்தைக் கொடுக்க வேண்டும். இறங்க முடியாதவர்களைத் தேடி மாடிக்கு வர வேண்டும். அக்காவும் வருகிறாராம்.

"கூலி போயிடுமேக்கா?"

"போவட்டும் பாப்பா."

இது நடக்கும்வரை விடமாட்டேன், சத்தியம். உன்னை மன்னிப்பேன் என்று மட்டும் இப்போது சத்தியம் செய்யத் தெரியவில்லை.

நீ சொன்னதையெல்லாம் நம்பிய
உன் மகள்