அம்மாவும் ஃப்ரீடா மேடமும்

பிப். 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. எதிர்வீட்டு மாடியே தெரியவில்லை. பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று.

நாளை வருகிறாள்!!! ஜெர்மனியிலிருந்து ஒரு குழு. ஆளுக்கொரு வீடு. எங்கள் காலேஜ் பெண்களின் வீடுகள்தான். எனக்கு ஃப்ரீடா. என் வயசு. போட்டோவில் மூக்கு முழுக்கப் புள்ளி புள்ளியாக. ஒரு வாரம் இங்கே. அடுத்த வருஷம் நான் அவள் வீட்டுக்கு (அப்பா மனசு மாறாமல் இருந்தால்).

வேலைகள்: புது பெட்ஷீட். பாத்ரூம் கொக்கி. பல்லி (எப்படி?). அம்மா.

அம்மாதான் பெரிய வேலை. ஷூ கம்பெனியில் தையல் லைன். தெருவில் எல்லோரோடும் வாய் ஓயாது பேசுவாள், ஃப்ரீடா பேச்சை எடுத்தால் மட்டும், "நீ பேசிக்கோ. எனக்கு இன்னா தெரியும்?"

அப்பா லாரி லோடோடு ஹூப்ளி போய்விட்டார். தப்பித்தார்.

பிப். 4, புதன்

வந்துவிட்டாள்! எவ்வளவு உயரம்! நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு அவளே சிரித்தாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

தெருவே எங்கள் வாசலில். ஆம்பூரில் வெள்ளைக்காரர் யார் வந்தாலும் பையர்தான், ஷூ வாங்க வருகிற கம்பெனி ஆள். பக்கத்து வீட்டு ஷகிலா அக்கா என் காதில், "இன்னாடி ஷாலு, பையரம்மாவ வூட்டுக்கே இட்டாந்துட்ட? உங்கம்மாவுக்கு ப்ரமோஷனா?"

ராத்திரி சப்பாத்தி, குருமா. அம்மா உட்காரவே இல்லை. சுவரோரமாக நின்றாள். ஃப்ரீடா நிமிர்ந்து பார்த்தால் உடனே ஒரு சிரிப்பு. "குட், மேடம்." சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றாள் ஃப்ரீடா. "குட், மேடம்." நீங்களும் உட்காருங்கள் என்றாள். "ஓகே, மேடம்." உட்காரவில்லை.

மேடமாம்! பாத்ரூம் பல்லியைப் பார்த்துக் கத்தின மேடம்!

பிப். 5, வியாழன்

வேலூர் கோட்டை. வெயில். ஃப்ரீடா மூக்கு தக்காளி. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு எங்கள் இருவருக்கும் சண்டை, அவள் ஜெயித்தாள். கத்தரிக்காயோடு பிரியாணி, ஒரு பருக்கை மிச்சமில்லை. "போதும்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தேன். அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

இன்று மாதிரி ஒரு நாள் வந்ததே இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். ஆனால் திரும்பும்போது மெதுவாகக் கேட்டாள்: "உன் அம்மாவுக்கு நான் வந்தது பிடிக்கவில்லையா?"

இல்லை இல்லை, அவங்க அப்படித்தான் என்றேன். பொய். அம்மா அப்படி இல்லவே இல்லை.

பிப். 6, வெள்ளி

காலேஜில் நடனம், கோலம், ஜெர்மன் பாட்டு. ஃப்ரீடாவுக்குப் புடவை கட்டிவிட்டேன், கணுக்காலுக்கு மேலே நின்றது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா அவசரமாக எழுந்து, "குட் ஈவினிங், மேடம்." காலை நீட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள். ஆய்ந்த கீரையெல்லாம் தரையில்.

பிப். 7, சனி

மிஸ் போன். எங்களை அழைத்துப் போய் வருகிற இங்கிலீஷ் மிஸ். "ஷாலினி, அந்தப் பொண்ணு உங்க வீட்டுக்குப் பாரமா இருக்கோம்னு ஃபீல் பண்றா. திங்கக்கெழம காலைல வேலூர்ல, சத்துவாச்சாரில ஒரு டாக்டர் வீட்டுக்கு மாத்திடலாம். நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத."

மனசுல வச்சிக்காதயாம்!

அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அடுப்படியில் பிடித்துக்கொண்டேன். கிசுகிசுப்பாகத்தான் சண்டை, அந்தப் பக்கம் ஃப்ரீடா.

"நல்லதுதான்டி. அங்க ஏசி இருக்கும்."

"ஒரு வார்த்தை சிரிச்சிப் பேசினா இன்னாம்மா?"

"சிரிச்சேனே!"

"அது சிரிப்பா?"

அம்மா அடுப்பைத் தணித்தாள். பிறகு, "லைன்ல எங்களுக்கு அப்டித்தான் சொல்லிக் குட்த்துருக்காங்க. பையர் வந்தா தலைய நிமிராத. கை நிக்கக் கூடாது. ஏதாச்சும் கேட்டா சிரிச்சிட்டு குட்னு சொல்லு. மீதிய சூப்பர்வைசர் பேசிப்பாரு. அவங்க மொகத்தப் பாத்தாலே எனக்கு அதான் வருது, நான் இன்னா பண்ணட்டும்?"

"இங்க யாரு சூப்பர்வைசர்?"

"நீதான்."

சிரிப்பு வந்தது. உடனே அழுகையும். இத்தனை வருஷமாக இவள் தைத்ததைத்தான் அவர்கள் ஊரில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். இவள் வாயிலிருந்து அவர்கள் கேட்டது ஒரு குட்.

அம்மா சொன்னதை அப்படியே ஃப்ரீடாவிடம் சொன்னேன். தலையாட்டினாள். நம்பினாளா தெரியவில்லை. பையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பிப். 8, ஞாயிறு

எழுதக் கை பறக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

மதியம். அம்மா கறி வாங்கப் போயிருந்தாள். ஷகிலா அக்கா வீட்டிலேயே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைப்பவர். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். எங்கள் முன்அறையில் பாய் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். ஃப்ரீடா நானும் என்று உட்கார்ந்தாள். "அழுத்தாத, ஜாஸ்தி அழுத்தாத" என்று அக்கா சொல்லச் சொல்ல, டக்! ஊசி உடைந்தது. ஃப்ரீடா விரலில் ரத்தம்.

அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்தாள். கறிப்பை கீழே.

"யாரும் நவராதீங்க! முனை எங்க?"

நின்றோம், எல்லோரும். லைனில் ஊசி உடைந்தால் மெஷின் நிற்க வேண்டும். உடைந்த துண்டு கிடைத்து, இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒரு ஷூ வெளியே போகாது. அம்மாவுக்கு அது ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. முதலில் ஃப்ரீடா கையை இழுத்து, முனை விரலுக்குள் இல்லை என்று வெளிச்சத்தில் பார்த்தாள். கழுவினாள், துணி சுற்றினாள், சுற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏன்டி, அறிவிருக்கா ஒனக்கு? அவ ஊசி குட்த்தா நீ வாங்கிக்குவியா? கண்ல பட்டுருந்தா உங்கம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? ஒட்டடக்குச்சி மாதிரி வளந்துருக்க, ஊசி புடிக்கத் தெரியல!"

ஏன்டி!!! என் காதையே நம்ப முடியவில்லை.

ஃப்ரீடா கிசுகிசுத்தாள்: "என்ன சொல்கிறார்?"

"திட்டுறாங்க."

"என்னையா?"

"உன்னைத்தான்."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரிசு வாங்கினவள்கூட அப்படிச் சிரிக்க மாட்டாள்.

அம்மா ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்த பொம்மையைப் பிடுங்கி வந்து பாய் முழுக்க உருட்டினாள். நாங்கள் நாலு பேரும் தரையில் தவழ்ந்தோம். "ஏய், அங்க மிதிக்காத! ஒன்னத்தான்டி, நெட்டை!" ஃப்ரீடாவுக்குத் தமிழ் புரிந்துவிட்டது, சட்டென்று காலைத் தூக்கினாள். முனை நான் அவளுக்குப் போட்டுவிட்ட துப்பட்டா மடிப்பிலேயே இருந்தது. அம்மா இரண்டு துண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். "குட்!"

"குட், மேடம்!" என்றாள் ஃப்ரீடா, கையைக் கட்டி, சுவரோரம் நின்று, அச்சு அசல் அம்மா மாதிரி.

ஐயோ, அம்மா கோபித்துக்கொள்வாளோ என்று பார்த்தேன். அம்மா சிரித்தாள் பாருங்கள், தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஷகிலா அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

வலது கை விரல் அல்லவா, சோற்றை அம்மாவே ஊட்டினாள். இன்னொரு வாய், இன்னொரு வாய் என்று. கடைசியில் ஃப்ரீடா வாயிலிருந்து, "போதும்! போதும்!"

மிஸ்ஸுக்கு அவளே போன் செய்தாள். போகவில்லை!!!

பிப். 11, புதன்

காட்பாடி ஸ்டேஷன். ஒரே கூட்டம். அம்மா பர்மிஷன் போட்டு வந்தாள். ரயில் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திட்டு: தலையைத் துவட்டாமல் தூங்காதே, கண்ட இடத்தில் தண்ணீர் குடிக்காதே, போனவுடன் போன் போடு. ஃப்ரீடா எல்லாவற்றுக்கும் ஜெர்மனில் ஏதோ பதில். இரண்டு பேருக்கும் அழுகை. நடுவில் நான் எதற்கு?

வீட்டில் பெட்ஷீட்டை இன்னும் எடுக்கவில்லை.

பிப். 13, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. பொருளாதாரம் டெஸ்ட், ஊத்திக்கொண்டது. பரவாயில்லை.

அம்மா வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்னிக்கு பையர் வந்தாங்கடி. பொம்பள. என் மெஷின்கிட்ட நின்னுச்சு."

"குட் மேடம்னியா?"

"இல்ல. மொகம் வாடியிருந்துச்சுடி. சாப்டியாம்மான்னு கேட்டுட்டேன்."

"ஐயோ! சூப்பர்வைசர்?"

"அவரு மூஞ்சில ஈயாடல. இன்னா சொன்னாங்கன்னு அது கேக்குது, அவர்தான் சொல்லணும், வேற வழி? சொன்னாரு. அது இல்லன்னு தலையாட்டுது. மணி ரெண்டரை! மொதல்ல இட்டும்போய் சோறு போடுங்க சார்னுட்டேன்."

"அப்போ கை நிக்கலியா?"

"நின்னுச்சு," என்றாள் அம்மா. "நின்னா இன்னா இப்ப?"