குடிலுக்கு வைத்த நான்கு விலா எலும்புகள்

மிஸ்,

நேற்று நூதனசாலையின் உள்ளறை அலுமாரியைத் திறந்தேன். நத்தார் விடுமுறைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். கத்தரிக்கோல், பசை, மட்டை எல்லாம் அதற்குள்தானே இருக்கின்றன. கதவைத் திறந்த உடனே அந்த வாடை வந்தது. நாள்பட்ட எண்ணெய், உப்பு, கொஞ்சம் கருவாடு. கீழ்த் தட்டில் நான்கு விலா எலும்புகள் கிடந்தன. எட்டு வருடமாகியும் அவற்றின் எண்ணெய் வற்றவில்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு அலுமாரியைப் பூட்டினேன்.  

நீங்கள் போன தவக்காலத்தில் இறந்தீர்கள். நீங்கள் இல்லாமல் வருகிற முதல் மார்கழி இது. உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது. பதிவேடு எழுதிப் பழகிய கை என்பதால் எனக்கு எதையும் ஒழுங்காகச் சொன்னால்தான் வரும். முதலில் இருந்தே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னாரில் இயற்கை விஞ்ஞான நூதனசாலை இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொண்டு வருவார்கள். வந்து பார்த்தால் இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு முற்றம். போத்தல்களில் நண்டு, தட்டுகளில் சங்கு, மூலையில் ஒரு திமிங்கிலத்தின் முதுகெலும்புத் துண்டு. நீங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு மிச்ச நேரத்தில் அதற்குப் பொறுப்பாளர். பதிவேட்டுக்கும் கதவுத் திறப்புக்கும் நான். நீங்கள் என்னைவிட மூன்று வயதுதான் மூப்பு. ஊரே மிஸ் என்று கூப்பிட்டதால் நானும் மிஸ் என்றேன், நீங்கள் என்னைத் தம்பி என்றீர்கள். வருடத்தில் பதினொரு மாதம் இரண்டு பேரும் ஈ ஓட்டுவோம். மார்கழி விடுமுறை வந்துவிட்டால் முற்றத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

விடுமுறை நிகழ்ச்சி முழுவதும் உங்கள் மூளையில் பிறந்தது. முதல் நாள் மண் பார்ப்பது. ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊர்க் கடற்கரை மண்ணில் ஒரு பிடி கொண்டுவரும். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் அதில் பாதி சிப்பித் தூள். இரண்டாம் நாள் பரிஸ் சாந்து கரைத்துக் காலடி எடுப்பது. நாய், காகம், கழுதை. கழுதையை ஓரிடத்தில் நிற்க வைக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்றாம் நாள் வங்காலைப் பக்கம் பூநாரை பார்க்கப் போய் வந்து, முற்றத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் போட்டி. மணிக்கூடு பிடிப்பது நான். நீங்களும் சேலையைச் செருகிக்கொண்டு பிள்ளைகளோடு நிற்பீர்கள். ஒரு முறை மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் தோற்றுவிட்டு, "உன்ர மணிக்கூடு பிழை தம்பி" என்று என் மேல் பாய்ந்தது நினைவிருக்கிறது.

கடைசி நாள் குடில் போட்டி. நத்தாருக்குப் பாலன் பிறந்த குடிலை வீட்டுக்கு வீடு கட்டுகிற ஊரில் நூதனசாலைக் குடிலுக்கு நீங்கள் போட்ட சட்டம் வேறு. கடையில் வாங்கியது ஒன்றும் கூடாது. கரையிலும் வளவிலும் வீட்டிலும் கிடைத்த இயற்கைப் பொருள் மட்டும். சங்கு இடையர்கள், நண்டு ஓட்டில் தொட்டில், காய்ந்த பாசியில் மெத்தை. சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வந்து கட்டினார்கள். பெரியமடுப் பிள்ளை ஒன்று நெற்கதிரால் கூரை வேய்ந்து முதற்பரிசு எடுக்க, அடுத்த வருடம் மூன்று பேர் வைக்கோல் கூரை போட்டார்கள். நாங்கள் மத்தியானம் சாப்பிடப் போன நேரம் தெருக் கழுதையொன்று உள்ளே வந்து மூன்றையும் தின்றுவிட்டது. அழுத பிள்ளைகளிடம், "முதல் நத்தாருக்கும் அது பக்கத்தில நிண்டது தானே, உரிமையோட வந்திருக்கு" என்றீர்கள். அழுததுகள் சிரித்துவிட்டன.

குடிலில் வைக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் சின்ன மட்டையில் நான்கு வரி எழுத வேண்டும். பெயர், கிடைத்த இடம், கிடைத்த நாள், கொண்டு வந்தவர். அதில் நீங்கள் விட்டுக்கொடுக்கவே மாட்டீர்கள். "இடம் எழுதாத சாமான் குப்பை" என்பீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அதே சட்டம்தான்.

அந்த வருடம் நடுவராக வனசீவராசிகள் திணைக்களக் கந்தோர் ஐயா ஒருவரைக் கூப்பிட்டிருந்தீர்கள். நல்ல மனிதர். என்றாலும் சட்டம் அவர் கையில் இருந்தது.

அனிற்றாவுக்கு அப்போது பத்து வயது. தகப்பன் சின்ன வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். அன்றைய குடில்களில் அவளுடையதுதான் உயரம். வளைந்த நான்கு எலும்புகளை இரண்டிரண்டாகச் சாய்த்து, உச்சியில் கயிற்றால் கட்டி, மேலே பனையோலை போட்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் கிட்டப் போகும்போதே வாடை அடித்தது. மட்டையில் உருண்டை எழுத்தில் இப்படி இருந்தது. பெயர்: கடற்பன்றி விலா எலும்பு. கிடைத்த இடம்: எங்கட குசினி. கிடைத்த நாள்: போன ஞாயிறு, சாப்பிட்ட பிறகு. கொண்டு வந்தவர்: அப்பா. பக்கத்தில் தகப்பனுடைய முழுப் பெயர்.

நாங்கள் பதிவேட்டில் ஆவுளியா என்று எழுதுகிற கடற்பசுவைத்தான் ஊர் கடற்பன்றி என்கிறது. அதைப் பிடிப்பதும் வெட்டுவதும் சிறை மறியலுக்குப் போகிற குற்றம். இருந்தும் வலையில் பட்டால் வெட்டிப் பங்கு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. வாய் திறக்கக் கூடாது என்று அனிற்றாவுக்கு மட்டும் யாரும் சொல்லிவைக்கவில்லை. நீங்கள் சொல்லிக் கொடுத்ததை அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருந்தாள்.

ஐயா இரண்டு மேசை தள்ளி நின்றார். நீங்கள் மட்டையை வாசித்தீர்கள். முகம் மாறியது. அடுத்த கணம் மட்டை உங்கள் கைப்பைக்குள் போய்விட்டது. ஐயா வந்து எலும்பைத் தடவிப் பார்த்து, விரலை மணந்தார்.

"இது எங்கால வந்தது மிஸ்?"

"எங்கட அலுமாரிச் சாமான் ஐயா. பிள்ளை கேக்காமல் எடுத்து வச்சிட்டுது."

"இல்லை மிஸ், இது எங்கட வீட்டை..."

"வாயை மூடு. கேக்காமல் எடுத்தது போதாதோ? இனிப் பொய்யும் சொல்லோணுமோ?"

நீங்கள் ஒரு பிள்ளையோடு அப்படிப் பேசி நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. பேசியிராவிட்டால் அவள் அந்த வசனத்தை முடித்திருப்பாள். முடித்திருந்தால் நத்தாருக்குத் தகப்பன் வீட்டில் இருந்திருக்க மாட்டார். ஐயா பதிவு இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்றீர்கள். இப்படிப்பட்ட எலும்பைப் பிள்ளைகளின் கைக்கு எட்ட வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போனார். விளங்கியும் விளங்காதது மாதிரி விட்டாரோ என்று பிறகு நாங்கள் பேசிக்கொண்டோம். அனிற்றாவின் குடில் போட்டியில் இருந்து விலக்கப்பட்டது. எலும்புகளை நான் கழற்றிக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தேன். பனையோலையை அவள் கையில் கொடுத்தேன்.

உள்ளறையில் பதிவேட்டை விரித்துக்கொண்டு பேனையை எடுத்தேன். நீங்கள் பறித்தீர்கள்.

"பொய்யை நானே எழுதிறன் தம்பி. நீ போய் அந்தப் பிள்ளையைப் பார். நீ களவெடுக்கேல்லை, அது மிஸ்ஸுக்குத் தெரியும், அப்பாவுக்காண்டித்தான் அப்பிடிச் சொன்னவ எண்டு விளங்கப்படுத்திச் சொல்லு. நான் வெளிய வந்தால் ஐயா பாப்பார்."

கிடைத்த இடம் என்ற வரியில் 'தெரியாது' என்று எழுதினீர்கள். எங்கள் பதிவேட்டில் அப்படியொரு சொல் அதுவரை இல்லை.

நான் வெளியே வந்தேன். அனிற்றா கேற்றடியில் பனையோலையை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். இரண்டு தாய்மார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐயாவின் வாகனச் சாரதி மதிலில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன் என்று உங்களுக்கு எழுதலாம். அது பாதி உண்மை. அழுகிற பிள்ளையோடு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் மிச்சப் பாதி. வரும் வழியில் விறாந்தையில் எடுத்த கேக் துண்டை நீட்டினேன். "அழாதை பிள்ளை, வீட்டை போ" என்றேன். அவள் கேக்கை வாங்காமல் போனாள்.

உள்ளே வந்தபோது நீங்கள் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தீர்கள்.

"சொல்லிட்டியோ?"

"ஓம் மிஸ், சொல்லிட்டன்."

"என்ன சொன்னவள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. விளங்கியிருக்கும்."

நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு நாளைக்கு என்று இருக்க நத்தார் வந்தது, பிறகு பள்ளிக்கூடம் தொடங்கியது. ஒரு மாதம் போன பிறகு, இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் என்ற யோசனை வந்தது. நீங்கள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. போனால் நாலு பேர் கேட்பார்கள், கேட்டவர்களில் ஒருவன் பெட்டிசம் எழுதிப் போடுவான் என்று சொன்னீர்கள். அதுதான் நான் சொல்லிவிட்டேன் என்று நம்பியிருந்தீர்களே, பிறகு என்ன.

அடுத்த மார்கழிக்கு அனிற்றா வரவில்லை. அதற்கு அடுத்த மார்கழிக்கும் வரவில்லை. ஒரு நாள் மீன் சந்தையில் உங்களைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள் என்று வந்து சொன்னீர்கள். கூடையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக் கேட்டீர்கள்.

"நீ அண்டைக்கு வடிவா விளங்கப்படுத்திச் சொன்னனி தானே தம்பி?"

"ஓம் மிஸ்."

"அப்ப ஏன்..." என்று தொடங்கி விட்டுவிட்டீர்கள். பிறகு நீங்களே ஒரு காரணம் கண்டுபிடித்தீர்கள். "குமர்ப்பிள்ளையாகிட்டாள், வெக்கம்போல."

உங்களைப் போல எதையும் நோண்டிப் பார்க்கிற ஆள் நான் சொன்னதை மட்டும் நோண்டவில்லை. அந்த நம்பிக்கை எனக்கு அன்று வசதியாகத்தான் இருந்தது.

இன்று காலை விடுமுறை நிகழ்ச்சி தொடங்கியது. வாடைக்காற்றுக்குக் காது மூடிக்கொண்டு பிள்ளைகள் மண் சிமிழோடு வந்தார்கள். கடைசியாக ஒரு பெண் தன் தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். தங்கையை உள்ளே விட்டுவிட்டுத் தான் கேற்றுக்கு வெளியே நின்றாள். பதினெட்டு வயது இருக்கும். அனிற்றா என்று உடனே தெரிந்தது.

"உள்ள வாவன் பிள்ளை" என்றேன்.

"வேண்டாம் சேர். இவளை விடத்தான் வந்தனான். நாலு நாளாக் கேட்டு அழுறாள்."

இப்போதும் விட்டால் இனி எப்போதும் இல்லை என்று பட்டது. வெளியே போய் அவள் முன்னால் நின்று, "அண்டைக்கு அந்த எலும்பு..." என்று தொடங்கினேன்.

"தெரியும் சேர். ஓஎல் சோதனைக்குப் படிக்கேக்க விளங்கினது. அப்பாவைக் காப்பாத்தத்தான் மிஸ் அப்பிடிச் சொன்னவ."

எனக்கு மூச்சு வந்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை.

"விளங்கின பிறகும் மனம் ஆறேல்லை. வகுப்பில என்னைக் கள்ளி எண்டு கூப்பிட்டவை சேர், இரண்டு வருசம். பிறகாவது மிஸ் என்னைக் கூப்பிட்டு, நீ எடுக்கேல்லை, எனக்குத் தெரியும் எண்டு ஒரு வசனம் சொல்லியிருக்கலாம் தானே. எத்தினை தரம் மிஸ்ஸைக் கண்டிருப்பன். இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவா எண்டு பாப்பன். சிரிச்சுப்போட்டுப் போயிடுவா."

"மிஸ் அண்டைக்கே சொல்லிவிட்டவ. என்னட்டைத்தான் சொல்லிவிட்டவ. நான் உனக்குச் சொல்லேல்லை. சொல்லிட்டன் எண்டு மிஸ்ஸிட்டைப் பொய் சொன்னனான்."

 உள்ளே பிள்ளைகள் நுணுக்குக்காட்டிக்குச் சண்டைபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப எனக்குத் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டே மிஸ் செத்தவ?"

"ஓம்."

"நான் செத்தவீட்டுக்கும் வரேல்லை சேர். எங்கட றோட்டாலதான் கொண்டு போனவை. யன்னலைச் சாத்திப்போட்டு உள்ளுக்க இருந்தனான்."

என்னை ஏசுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஏசவில்லை. சேமக்காலையில் உங்களை எந்தப் பக்கம் அடக்கியிருக்கிறது என்று மட்டும் கேட்டாள். கடற்பக்க மதிலோடு, வாசலில் இருந்து மூன்றாவது வரிசை என்றேன். தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கமாகவே நடந்தாள். இதை நான் எழுதுகிற இந்தப் பின்னேரத்துக்குள் அவள் உங்களிடம் வந்து போயிருப்பாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, மிஸ். அவளிடம் சொல்லிவிட்டதால் அது ஒரு துளியும் குறையவில்லை. ஒரு பிள்ளையின் முன்னால் கெட்டவராக நிற்க நீங்கள் துணிந்தது, ஐந்து நிமிடத்தில் நான் போய்ச் சரிசெய்துவிடுவேன் என்று நம்பித்தான். அந்த ஐந்து நிமிடத்தை எட்டு வருடமாக்கி, அதோடேயே உங்களைப் புதைக்க விட்டவன் நான்.