ஒரு பிள்ளைகூடத் தோற்றதில்லை

ரோஸ்விக், வடக்கு டகோட்டா
பிப்ரவரி 4, 1991

அன்புத் தம்பி ஆர்லோவுக்கு,

குளிரைத் தவிர இங்கே எல்லாம் சுகம். போனில் பேசினால் எனக்குப் பாதி காதில் விழாது, உனக்கோ வாயே திறக்காது. அதனால்தான் கடிதம்.

அம்மாவின் இறுதிச் சடங்கு நல்லபடியாக நடந்தது. மைனஸ் முப்பதில் இருநூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று பாதிப் பேர் காரை ஓடவிட்டுவிட்டே சர்ச்சுக்குள் வந்துவிட்டார்கள். போதகர் பேசப் பேச, வெளியே முப்பது கார் உறுமிக்கொண்டிருந்தது. அம்மா இருந்திருந்தால் எழுந்து போய், "யாரது அங்க சத்தம்?" என்று கேட்டிருப்பாள். கீழ்த்தளத்தில் சாப்பாட்டு மேசை வளைந்துவிடும் போல இருந்தது. ஊரார் சமைத்துக் கொண்டுவந்த பாத்திரங்களின் அடியில் ஒட்டியிருந்த பெயர்களை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்றில் இருபத்தாறு பேர் அம்மாவிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர்கள். எனக்கு அழுகையும் வந்தது, கர்வமும் வந்தது.

பேரப்பிள்ளைகள் ஏழு பேரும் வந்துவிட்டார்கள். என் பையன்கள், பாட்டி கூடைப்பந்து ஆட்டத்துக்கு வந்து நடுவரையே திருத்துவாளே, அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்கள். பைபிளிலிருந்து சங்கீதம் வாசித்தது உன் கெயில்தான். கணீரென்று வாசித்தாள். டென்வரிலிருந்து மகளுக்குக் கிடைத்த விமானம், டூசானிலிருந்து அப்பாவுக்கு மட்டும் எப்படிக் கிடைக்காமல் போனதோ, நான் கேட்கவில்லை.

பூமி ஆறடிக்கு உறைந்து கிடக்கிறது. சவப்பெட்டியை இப்போதைக்குக் கல்லறைத் தோட்டத்துப் பிண அறையில் வைத்திருக்கிறோம். மண் இளகியதும், மே 18, சனிக்கிழமை அடக்கம். அன்றைக்குக் குழி அருகே பிள்ளைகளில் ஒருவர் நின்று அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும். நான் சர்ச்சில் பேசிவிட்டேன். இனி உன் முறை.

பத்திரிகையில் அம்மாவைப் பற்றி நான் எழுதியதை வெட்டி அனுப்பியிருக்கிறேன், பார்.

உன் அக்கா,
வெர்னா


டூசான்
பிப்ரவரி 17

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். லாரியும் நன்றாக ஓடுகிறது.

நீ அனுப்பியதை வாசித்தேன். "திருமதி மார்கிட் ஹெக்லண்ட், முப்பத்து நான்கு ஆண்டுகள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அவர் கையில் ஒரு பிள்ளைகூடத் தோற்றதில்லை." இரண்டு தரம் வாசித்தேன். அப்படியானால் நான் யார்?

1947 ஜூன். கடைசி நாள். அம்மா வகுப்பில் நின்று பெயர் பெயராகக் கூப்பிட்டாள். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவனாக எழுந்து நான்காம் வகுப்பு அறைக்கு நடந்தான். கடைசியில் நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே என் அம்மா. அன்று ராத்திரி என் தட்டில் பெரிய துண்டாக ஆப்பிள் கேக் வைத்தாள். எதற்கு என்று கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த வருஷம் முழுக்க டோர்கெல்சன் பையன்கள் மைதானத்தில் கத்தினார்களே, "பெத்த அம்மாவே ஃபெயிலாக்கிட்டா டோய்!" என்று, நீயும் கேட்டிருப்பாய். நீ பெரிய வகுப்பில் இருந்தாய், காது அப்போது நன்றாகத்தான் கேட்டது.

நான் பேச மாட்டேன். வருவேனா என்பதும் தெரியாது. இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆர்லோ


ரோஸ்விக்
மார்ச் 3

அன்புத் தம்பி,

உன் கோபம் நியாயம். மைதானத்தில் அவர்கள் கத்தியது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி போனேன். இன்றுவரை அதற்கு வெட்கப்படுகிறேன்.

ஆனால் உன்னை மறந்து அந்த வரியை எழுதவில்லை. உன் பேர் மறுபடி இந்த ஊர் வாயில் விழக்கூடாது என்று நினைத்து எழுதினேன். ஊர் என்னைவிடக் கெட்டி. காபிக் கடையில் அந்த மூத்த டோர்கெல்சனே கேட்டான்: "ஒருத்தன்கூட இல்லையா வெர்னா? அப்ப ஆர்லோவ எந்தக் கணக்குல சேத்த?" கடையே சிரித்தது. நான் காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததை மறைக்கப் போய் நானே விளம்பரம் பண்ணிவிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள், இனி என்ன. 1973-ல் அவள் ஓய்வு பெற்ற வாரம், கெயிலுக்கு எட்டு வயதாகியும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை, அதே வகுப்பில் நிறுத்தப் போகிறார்கள் என்று உன் மனைவி போன் பண்ணினாள். அடுத்த திங்கள் அம்மா பெட்டியோடு நிற்கிறாள், பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விடு என்கிறாள். எழுத்து பிடிபடாத பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது எப்படி என்று கோடை வகுப்பாம், ஆறு வாரம்.

"ஏம்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"ஒரு பிள்ள விஷயத்துல தப்புப் பண்ணிட்டேன். இன்னொரு பிள்ள விஷயத்துல பண்ண மாட்டேன். நீ வண்டிய எடு."

விடுதியில் கீழ்க் கட்டிலில் அம்மா, மேல் கட்டிலில் பத்தொன்பது வயதுப் பெண். முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாளாம். முப்பத்து நான்கு வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள். செப்டம்பரில் இரண்டு நாள் பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்தாளே, அது இதற்குப் பிறகுதான். உன்னிடம் அவள் ஒன்றுமே சொல்லவில்லையா?

பத்திரிகையில் திருத்தம் போடச் சொல்லட்டுமா, விட்டுவிடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். அவளைப் பற்றி எழுதுவதென்றால் இனி உன்னைக் கேட்டுத்தான்.

அக்கா


டூசான்
மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

சொன்னாள்.

அதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று மூன்று வாரம் போய்விட்டது. பதினோரு வாரம் எங்கள் வீட்டில் இருந்தாள். நான் லாரியோடு போய் வந்து போய் வந்து இருந்தேன். வரும்போதெல்லாம் சமையலறையில் அம்மாவும் கெயிலும் தட்டில் மாவைப் பரப்பி விரலால் எழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. நவம்பரில் ஒரு நாள் வந்தேன், கெயில் ஓட்ஸ் டப்பாவைத் திருப்பி வைத்து முழுக்க வாசித்தாள். அம்மா கை தட்டவில்லை. எழுந்து போய் முகம் கழுவினாள்.

மறுநாள் ஞாயிறு காலை. நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று சொன்னாள்:

"ஆர்லோ, நாப்பத்தேழுல நான் பண்ணினது தப்புப்பா. அதே பாடத்த அதே மாதிரி இன்னொரு வருஷம் நடத்தினா வந்துடும்னு நெனச்சேன். குறை உங்கிட்ட இல்ல. எனக்குத்தான் சொல்லித்தரத் தெரியல. என்ன மன்னிச்சுடு."

நான் திரும்பவில்லை. "முட்டை ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு போதும்" என்றாள்.

அவ்வளவுதான் அக்கா. பதினேழு வருஷம் அவள் அதற்கு மேல் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இறுதிச் சடங்குக்கு வர விமானத்தில் இடம் இருந்தது. டிக்கெட்டே வாங்கியிருந்தேன். விமான நிலைய வாசல்வரை போய் லாரியைத் திருப்பிவிட்டேன். பெட்டியில் படுத்திருப்பவளிடம் போய் எதைச் சொல்ல?

பத்திரிகைக்குத் திருத்தம் நானே எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தை மாற்றாமல் போடச் சொல். "திருமதி ஹெக்லண்டிடம் ஒரு பிள்ளைகூடத் தோற்றதில்லை என்று எழுதியது தவறு. ஒருவன் தோற்றான். அவர் மகன் ஆர்லோ. தவறு தன்னுடையது என்று அவர் ஒப்புக்கொண்டார். அதைச் சரிசெய்ய அறுபத்து மூன்று வயதில் திரும்பவும் மாணவியாகப் பள்ளிக்குப் போனார். பேத்தி வாசிக்கிறாள். இப்படி ஓர் ஆசிரியையை ரோஸ்விக் அதற்கு முன் கண்டதில்லை. இப்படிக்கு, அவருடைய மகன்." டோர்கெல்சனுக்கு ஒரு பிரதி இலவசமாகக் கொடு.

மே 16 கிளம்பி வருகிறேன். டென்வரில் கெயிலை ஏற்றிக்கொள்வேன். குழி அருகே நான் பேசவில்லை, எழுதி வைத்து வாசிக்கப் போகிறேன். ஊர் முன்னால் நான் வாசித்து நாற்பத்து நான்கு வருஷம் ஆகிறது. கெயில் பக்கத்தில் நின்று சொல்லித்தரட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். மெதுவாகத்தான் வாசிப்பேன். நடுவில் திக்கினாலும் யாரும் வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வை. எவ்வளவு நேரமானாலும் நிற்கட்டும்.

உன் தம்பி,
ஆர்லோ