சனிக்கிழமை மூட்டை

குற்றாலம்
02.06.2024

கர்த்தருக்குள் பிரியமான பாக்கியத்துக்கு,

அவருடைய கிருபையால் நான் சுகம். நீயும் நம் மகள் ஜெனியும் தென்காசியில் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். என்னைவிட்டுப் போய் ஏழு வருஷம் ஆகிறது. இன்னுமா கோபம் ஆறவில்லை? உன் கைப் புளிக்குழம்பின் ருசிகூட மறந்துபோகும் போலிருக்கிறது.

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. ஜெபவீட்டின் தகரக் கூரையில் ஓயாத சத்தம். ஊழியத்துக்கென்று வேலையை விட்ட அன்று நான் எடுத்த தீர்மானம் உனக்குத் தெரியும். என் தேவையை எந்த மனுஷனிடமும் சொல்ல மாட்டேன், தேவனிடம் மட்டுமே சொல்வேன். இன்றுவரை அவர் என்னைக் கைவிடவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை விடியும்போது வாசலில் ஒரு மூட்டை இருக்கும். அரிசி, பருப்பு, எண்ணெய், அத்தோடு அந்த மாதம் நான் எதைக் கேட்டு ஜெபித்தேனோ அதுவும். போன மாதம் என் மூக்குக்கண்ணாடியின் கால் ஒடிந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை. நேற்று மூட்டையின் மேலேயே புதுக் கண்ணாடி இருந்தது, பவர்கூடச் சரியாக! மூட்டையின் வாயில் எப்போதும் ஒரு சிவப்பு ரிப்பன். அந்த ரிப்பன்களை வேதாகமத்தில் அடையாளத்துக்கு வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை 14 ஞாயிறு இங்கே கன்வென்ஷன் ஜெபக்கூட்டம் தொடங்குகிறது. முதல் நாள் நான் சாட்சி சொல்ல வேண்டும். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்ததுபோல நானும் ஜெனியை வைத்தேன், தேவன் திருப்பித் தந்தார் என்று சொல்லப்போகிறேன். அவளையும் மேடையில் என் பக்கத்தில் நிறுத்தினால் எத்தனை ஆத்துமாக்கள் தொடப்படும்! மறுக்காமல் அழைத்து வா.

கிறிஸ்துவின் பணியில்,
ஜெபசிங்


தென்காசி
09.06.2024

ஜெனி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். உங்கள் ஜெபத்தால் அல்ல.

பலிபீடத்தில் வைத்தேன் என்கிறீர்கள். நடந்ததை நான் சொல்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல். கழுத்தைத் திருப்ப முடியாமல் அழுதாள். ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசம் என்று ஐந்து நாள் வாசலை மறித்து நின்றீர்கள். ஆறாம் நாள் காலையில் நீங்கள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். ஆட்டோக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சிதான் கொண்டுபோய்ச் சேர்த்தார். மூளைக்காய்ச்சல் என்றார்கள். உயிர் பிழைத்தது, இரண்டு காதும் போயிற்று. ஈசாக்கு மலையிலிருந்து காதோடு இறங்கினான்.

ஆபிரகாம் தன் மனைவி சாராளிடம் ஒரு வார்த்தை கேட்டானா? வேதத்தைப் புரட்டிப் பாருங்கள். ஈசாக்கின் கதை முடிந்து அடுத்த அதிகாரம் தொடங்கும்போது சாராள் செத்துப்போகிறாள். நான் சாகவில்லை. அது உங்கள் கெட்ட நேரம்.

இனி மூட்டைக்கு வருவோம். எந்த மனுஷனிடமும் சொல்வதில்லை என்கிறீர்களே, காலை ஐந்து மணிக்கு நீங்கள் போடும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். பக்கத்து வீட்டுக் குருவம்மாளுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவள் எனக்குப் போன் போடுவாள். "யக்கா, உங்க வீட்டுக்காரரு இன்னைக்கு நல்லெண்ண கேக்காரு. கண்ணாடி காலு ஒடிஞ்சி போச்சாம், கர்த்தர்ட்ட சொல்லி அழுதுக்கிட்டு கெடக்காரு" என்பாள். விடுதிச் சமையலில் எனக்குக் கிடைக்கும் சம்பளத்தில் வாங்கிக் கட்டி வைப்பேன். சுடலைமுத்து அண்ணாச்சி கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். பவர் சரியாக இருந்தது என்று ஆச்சரியப்படுகிறீர்கள். உங்களுக்கு முதல் கண்ணாடி வாங்கித் தந்ததே நான்தான்.

முதல் வருஷம் மனசு கேட்காமல் அனுப்பினேன். அதற்குப் பிறகு அனுப்பியது அன்பினால் அல்ல. என்றைக்காவது மேடை ஏறி என் பிள்ளையைப் பற்றிப் பேசுவீர்கள், அன்றைக்கு இதைச் சொல்லி உங்கள் தலையைக் குனிய வைக்க வேண்டும் என்றுதான் அனுப்பினேன். நீங்கள் நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடுவதை நினைத்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன். பாவம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜெனி வர மாட்டாள். மூட்டையை யார் வைத்தது, பிள்ளைக்கு என்ன போயிற்று, இரண்டையும் நீங்களே மேடையில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் குருவம்மாளையும் சுடலைமுத்து அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்காருவேன். எழுந்து நின்று நான் சொல்வேன்.

ஞானபாக்கியம்


குற்றாலம்
18.06.2024

பாக்கியம்,

நான் நம்பவில்லை. பொய் சொல்லுகிறாய் என்றுதான் நினைத்தேன். குருவம்மாளிடமே போய்க் கேட்டேன். "பாஸ்டரய்யா, நீங்க மெதுவாப் பேசியிருந்தா பட்டினியில்லா கெடந்திருப்பீய" என்று சிரித்தாள்.

மூன்று நாளாக ஜெபிக்க வாய் வரவில்லை. முணுமுணுத்துப் பார்த்தேன். அதுவும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்குமோ என்று கூச்சமாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். இரண்டையுமே சொல்கிறேன். நீ வர வேண்டாம்.

ஜெபசிங்


குற்றாலம்
15.07.2024

அன்பு பாக்கியம்,

நேற்றுச் சொல்லிவிட்டேன். மூட்டை வைத்தது தேவதூதன் அல்ல, என் மனைவி என்றேன். என் பிடிவாதத்தால் என் மகளுக்குக் காது போயிற்று என்றேன். காறித் துப்பப்போகிறார்கள் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

பிரசங்கியார் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். "எலியாவுக்கு அப்பம் கொண்டுவந்தது காகம்! நம்ம சகோதரனுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போன சம்சாரம்! கர்த்தர் எப்படிப் பார்த்துக்கிட்டாரு பாருங்க!" என்றார். பந்தல் முழுக்க ஒரே அல்லேலூயா. முதலில் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன், அவர் சொல்வது சரிதானே? உன் கோபத்தைக்கூட தேவன் உபயோகப்படுத்தியிருக்கிறார். நானும் அல்லேலூயா சொன்னேன். இவ்வளவுக்குப் பிறகு இந்த மாதமும் மூட்டை வந்தது. உன் மனசு எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை, இருபதாம் தேதி நிறைவு நாள். ஜெனியை மேடையில் ஏற்றி, காதில் கைவைத்து ஜெபிக்கப்போகிறார்கள். ஐயாயிரம் பேர் உபவாசம் இருக்கிறார்கள். இந்த ஒரு தடவை விசுவாசித்து அழைத்து வா. இதற்காகத்தானே இத்தனையும் நடந்தது!

உன்,
ஜெபசிங்


தென்காசி
17.07.2024

ஜெனி அப்பாவுக்கு,

உங்களை வெட்கப்படுத்தவென்று இத்தனை வருஷம் சோறு போட்டேன். வெட்கத்துக்குப் பதிலாக உங்களுக்கு அல்லேலூயா கிடைத்திருக்கிறது. என் கோபத்தையும் பிடுங்கிக் காணிக்கைத் தட்டில் போட்டுவிட்டீர்கள். எனக்கென்று நான் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

எனக்கும் விசுவாசம் உண்டு. ஆறாம் நாள் காலையில் தெருவில் ஆட்டோ நின்றதே, அதுதான் எனக்கு, ஈசாக்குக்குப் பதிலாகப் பலியிடப் புதரில் சிக்கியிருந்த ஆட்டுக்கடா. கர்த்தர் அதைச் சரியான இடத்தில்தான் நிறுத்தியிருந்தார். நீங்கள்தான் திரும்பிப் பார்க்காமல் ஓங்கிய கத்தியோடு நின்றீர்கள். இப்போதும் அதே கத்தியோடுதான் கூப்பிடுகிறீர்கள்.

ஜெனி மொகரம் விடுமுறைக்குக் காது கேளாதோர் பள்ளி ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். உங்கள் கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். ஐயாயிரம் பேரும் என் காதையே பார்ப்பார்களா என்று கையால் கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்: "அப்பாவுக்கு இனிமேல் நான் அரிசி அளக்க மாட்டேன்."

ஆமாம், அளந்தது அவள்தான். ஒவ்வொரு மாதமும் வெள்ளிக்கிழமையே ஊருக்கு வந்து, அளந்து போட்டு, தன் சடையிலிருந்த ரிப்பனை அவிழ்த்து மூட்டையைக் கட்டுவாள். என்னைப்போல மனசில் கறுவிக்கொண்டு அல்ல. அப்பாவுக்குப் பசிக்குமே என்று. இந்த மாதமே நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னேன், அவள்தான் கேட்கவில்லை. இப்போது அவளே நிறுத்திவிட்டாள்.

ஆகஸ்ட் சனிக்கிழமை சுடலைமுத்து அண்ணாச்சி வர மாட்டார். குருவம்மாள் சுவரோரம் கிடந்த கட்டிலை வேறு பக்கம் இழுத்துப் போட்டுவிட்டாள். இனி எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் ஜெபியுங்கள். உங்களுக்கும் தேவனுக்கும் நடுவில் நாங்கள் யாரும் இல்லை.

வேதாகமத்தில் வைத்திருக்கும் ரிப்பன்களைத் தபாலில் அனுப்பிவிடுங்கள். ஜெனிக்குப் பள்ளிக்கூடம் போகும்போது சடை கட்ட வேண்டும்.

ஞானபாக்கியம்